ஆயிரம் கனஅடியும் பதினொரு கால்வாய்களும்

பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. நெல்லைச் சீமையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடம். மூன்று அணைகளும் நிரம்பி நிற்கும்போது இருக்கும் நீர்மட்டம் அது. நாளிதழில் தினமும் இவற்றுக்குப் பக்கத்தில் அன்றைய மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகியவை வரும். கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் உண்டா, பிசானப் பருவத்துக்கு எப்போது திறப்பார்கள் என்ற கேள்விகளுக்கு விடை அந்தச் சிறு பெட்டிச் செய்திக்குள்தான் இருக்கிறது. ஆனால் நேரடியாக இல்லை. அடியில் இருக்கும் ஓர் எண், ஏக்கருக்கு வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்குக்கு பட்ஜெட் என்றே பெயர் சொல்லலாம். மழை வரவு, திறப்பு செலவு, அணையில் நிற்பது கையிருப்பு. பெரிய நிறுவனங்கள் பட்ஜெட் போடவும் முன்கணிப்புச் செய்யவும் விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்கள் அடிப்படையில் இரண்டே வேலைகளைத்தான் செய்கின்றன. ஒன்று, வெவ்வேறு இடத்திலிருந்து வெவ்வேறு உருவில் வரும் தரவை ஒரே அளவைக்கு மாற்றுவது. மற்றது, மொத்தமாக இருக்கும் ஒரு தொகையைப் பல பேருக்கு, பல நாளுக்குப் பங்கிடுவது. தலைமை அலுவலக வாடகையைக் கிளைகளுக்குப் பிரிப்பதும், ஆண்டு விற்பனை இலக்கை மாதங்களுக்குப் பிரிப்பதும் இந்த வகை. இவற்றை நன்றாகச் செய்வது எப்படி என்று புரிந்துகொள்ள, எந்த நிறுவனத்தின் கணக்கேட்டையும்விடத் தாமிரபரணி நல்ல பாடம் என்பது என் எண்ணம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை ஆறு தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு உண்டு. பங்காளிகள் யார் யார், யாருக்கு எவ்வளவு நிலம் என்பதெல்லாம் அரசாணைகளிலேயே இருக்கிறது.

அந்தப் பட்டியலை முதலில் பார்த்துவிடுவோம். எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. மேலிருந்து கீழாக: தெற்குக் கோடைமேலழகியான் 870 ஏக்கர், வடக்குக் கோடைமேலழகியான் 2,260, நதியுண்ணி 2,460, கன்னடியன் 12,500, கோடகன் 6,000, பாளையங்கால்வாய் 9,500, நெல்லைக் கால்வாய் 6,410. இதுவரை 40,000 ஏக்கர். இது திருநெல்வேலி மாவட்டப் பங்கு. பிறகு மருதூர் மேலக்கால் 12,762, கீழக்கால் 7,785, ஸ்ரீவைகுண்டம் தென்கால் 12,760, வடகால் 12,800. இது 46,107 ஏக்கர், தூத்துக்குடிப் பங்கு. மொத்தம் 86,107.

மாற்றும் வேலையிலிருந்து தொடங்குவோம். அணை மட்டம் அடியில் வருகிறது, நமக்கு வேண்டியதோ கன அளவு. பாபநாசத்தில் 143 அடிக்கு 5,500 மில்லியன் கனஅடி என்றால் பாதி உயரத்துக்குப் பாதித் தண்ணீர் என்று நினைக்கக் கூடாது. மலைப் பள்ளத்தாக்கு அடியில் குறுகி மேலே விரிகிறது. கூம்பைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற பள்ளமாக இருந்தால், பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்கு தண்ணீர்தான் இருக்கும். உண்மையான அணை அவ்வளவு ஒழுங்கான வடிவம் அல்ல. ஆகவே ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு கொள்ளளவு என்று நிலஅளவை செய்து ஓர் அட்டவணை வைத்திருப்பார்கள். மட்டம் உயர உயர ஓர் அடியின் மதிப்பும் கூடிக்கொண்டே போகும். மேலே பத்து அடி இறங்கினால் போகும் தண்ணீர், கீழே பத்து அடி இறங்கினால் போவதைவிட மிக அதிகம்.

மென்பொருளில் இந்த மாற்றத்தை எந்த இடத்தில் வைப்பது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் மொத்தத் திறனும் அங்கேதான் தொடங்குகிறது. தரவு உள்ளே நுழையும் வாசலில் ஒரே ஒரு முறை மாற்றிவிட வேண்டும். மூன்று அணை, 365 நாள்: ஆண்டுக்கு 1,095 முறை அட்டவணையைப் பார்த்தால் போதும். பலர் எக்ஸெலில் செய்வதுபோல ஒவ்வொரு கால்வாயின் ஃபார்முலாவுக்குள்ளும் அந்த மாற்றத்தைத் திரும்ப எழுதினால் அது பதினொரு மடங்காகி 12,045 ஆகும். நேரம் வீணாவதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. அணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைகிறது. புதிய அளவை வந்து அட்டவணை மாறும் நாளில், பதினொரு இடங்களில் பத்தை மாற்றி ஒன்றை மறந்துவிட்டால், அந்த ஒரு கால்வாய்க்கு இல்லாத தண்ணீரைக் கணக்கு காட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது இருப்பும் ஓட்டமும். 5,500 மில்லியன் கனஅடி என்பது இருப்பு. 1,000 கனஅடி திறப்பு என்றால் விநாடிக்கு 1,000; அது ஓட்டம். ஒரு நாளில் 86,400 விநாடி இருப்பதால் 1,000 கனஅடி ஓட்டம் நாளொன்றுக்கு 86.4 மில்லியன் கனஅடி. மழையே இல்லாமல் இப்படித் திறந்தால், நிரம்பிய பாபநாசம் 64 நாள்கூடத் தாங்காது. ஓட்டங்களை நாள்தோறும் கூட்டி மாத மொத்தம் காணலாம். இருப்பைக் கூட்டவே கூடாது. மாத இருப்பு என்றால் மாதக் கடைசி நாளின் இருப்பு மட்டுமே. நல்ல திட்டமிடல் மென்பொருள்களில் ஒவ்வோர் அளவுக்கும் “காலப்போக்கில் இதைக் கூட்டலாமா, கடைசி மதிப்பை எடுக்கலாமா, சராசரியா” என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. வங்கிக் கையிருப்பு, கிடங்குச் சரக்கு, ஊழியர் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இதே விதி. இதைச் சொல்ல மறந்தவர்களின் அறிக்கையில் ஜூன் மாதப் பாபநாசத்தில் முப்பது பாபநாசம் நிற்கும்.

அலகு மாற்றும்போது சில எண்களின் பிறப்பும் தெரிந்துவிடும். தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகும் வெள்ளநீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோகும் திட்டம். 2009-இல் தொடங்கி 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வெள்ளநீர்க் கால்வாயின் திறன் 3,200 கனஅடி, திருப்பப்படும் நீர் 2,765 மில்லியன் கனஅடி என்று இரண்டு எண்களைத் தனித்தனியே படித்திருப்போம். 3,200-ஐ நாள் கணக்குக்கு மாற்றினால் 276.48 மில்லியன் கனஅடி. பத்து நாளுக்கு 2,764.8. இரண்டு எண்களும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்: கால்வாய் முழுத் திறனில் பத்து நாள் ஓடினால் கிடைப்பது அந்த அளவு. ஆகவே இந்தத் திட்டத்தை முன்கணிப்பில் சேர்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி “எவ்வளவு தண்ணீர்?” என்பதல்ல, “இந்த ஆண்டு எத்தனை நாள் அந்த அளவு வெள்ளம் ஓடும்?” என்பதே.

கேலன் இன்னொரு பொறி. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காக உருவான திட்டத்தை இன்றும் 20 எம்.ஜி.டி. என்றே சொல்கிறோம், அதாவது நாளுக்கு 2 கோடி கேலன். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785. முதலாவதில் நாளுக்கு 9.09 கோடி லிட்டர், இரண்டாவதில் 7.57 கோடி. வெளிநாட்டு மென்பொருளில் அலகைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்தால் தினமும் ஒன்றரைக் கோடி லிட்டர் காணாமல் போகும்.

எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது நாள்காட்டியும் வரைபடமும்தான். அணைத் தரவு தேதிப்படி வருகிறது. அரசின் பணம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கான அடங்கல் பசலி ஆண்டுப்படி. பசலி ஜூலை 1-இல் பிறக்கிறது. 2025 ஜூலையில் பிறந்தது 1435. ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் விடப்படும் கார் பருவம் ஒரு பசலியின் கடைசி மாதத்தில் தொடங்கி அடுத்த பசலியில் அறுவடைக்கு வருகிறது. பிசானமோ ஜனவரி 1-ஐத் தாண்டி மார்ச் வரை போகிறது. இதற்கு மருந்து, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அது எந்தப் பருவம், எந்தப் பசலி, எந்த நிதியாண்டு என்று எழுதிய ஒரு தேதி அட்டவணை. ஒரே தடவை செய்து வைத்தால் போதும். மற்ற எல்லாக் கணக்கும் அதைக் கேட்டுக்கொள்ளும்.

வரைபடக் கதை இன்னும் கடினம். 1986 அக்டோபர் 20-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி பிரிந்தது. “திருநெல்வேலி மாவட்ட நெல் பரப்பு” என்று ஐம்பது ஆண்டுத் தரவை அப்படியே ஏற்றி வரைந்தால் கோடு இரண்டு இடங்களில் செங்குத்தாக விழும். விவரம் தெரியாத முன்கணிப்பு நிரல் அதை விவசாயத்தின் வீழ்ச்சியாக எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கு இன்னும் குறைவாகச் சொல்லும். வயல் எங்கேயும் போகவில்லை, எல்லை மட்டும்தான் நகர்ந்தது. வட்ட அளவிலோ கிராம அளவிலோ தரவை வைத்துக்கொண்டு, எந்தக் கிராமம் எந்த மாவட்டம் என்பதைத் தனிப் பட்டியலில் வைத்தால் அந்தப் பட்டியலை மாற்றினாலே வரலாறு முழுதும் சரியாகிவிடும். கிராமத்துக்கும் கால்வாய்க்கும் இடையிலும் இதே நிலை. ஒரு கிராமத்தின் ஒரு பகுதி ஒரு கால்வாயிலும் மறுபகுதி இன்னொன்றிலும் பாயலாம். அந்தப் பங்குகளின் கூட்டுத்தொகை ஒவ்வொரு கிராமத்துக்கும் சரியாக ஒன்று ஆகிறதா என்பதை மென்பொருளே சோதிக்க வேண்டும். 0.6-உம் 0.5-உம் போட்டுவிட்டால் இல்லாத நிலம் முளைத்துவிடும்.

இனிப் பங்கீடு. 1,000 கனஅடியைப் பதினொரு கால்வாய்க்கும் ஏக்கர் வீதம் பிரிப்போம். ஏக்கருக்கு 0.0116 சொச்சம். கன்னடியனுக்கு 145.17, கோடகனுக்கு 69.68, வடகாலுக்கு 148.65 என்று வருகிறது. மதகில் பின்னத்தைத் திறக்க முடியாது என்று முழு எண்ணாக்கிக் கூட்டிப் பாருங்கள்: 10, 26, 29, 145, 70, 110, 74, 148, 90, 148, 149. மொத்தம் 999. ஒரு கனஅடி காணோம். ஒரு நாளுக்கு அது 86,400 கனஅடி, சுமார் 24 லட்சம் லிட்டர். நிறுவனக் கணக்கிலும் இப்படித்தான் கிளைகளின் கூட்டுத்தொகை தலைமையின் தொகையோடு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இடிக்கும். தணிக்கையாளர் வந்து நிற்பார். இதற்குப் பழைய, நேர்மையான ஒரு வழி உண்டு. எல்லோருக்கும் முதலில் பின்னத்தை வெட்டிக் கொடுத்துவிடுவது. கொடுத்தது 996, மீதி நான்கு. வெட்டுப்பட்ட பின்னம் யாருக்கு அதிகமோ அவருக்கு வரிசையாக ஒவ்வொன்று. கோடகன், வடகால், நதியுண்ணி ஆகியவற்றோடு நான்காவதாக நெல்லைக் கால்வாய்க்கும் ஒன்று கிடைக்கும். அதன் பங்கு 74 அல்ல, 75. சில நாடுகளின் நாடாளுமன்றத்தில் கட்சிகளுக்கு இடங்களைப் பிரிப்பதும் இந்த முறையில்தான். மீதியைக் கடைசி வரிசையில் இருப்பவர் தலையில் கட்டும் மென்பொருள்களும் இருக்கின்றன. ஆற்றில் கடைசி வரிசை என்பது கடைமடை. அங்கே எப்போதும் ஒன்று கூடவோ குறையவோ விழுந்துகொண்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

திறன் என்ற கேள்வி இங்கேதான் முழு வடிவம் எடுக்கிறது. 105 நாள் திறப்புக்கு ஒவ்வோர் ஏக்கருக்கும் ஒவ்வொரு நாளும் பங்கைக் கணித்துச் சேமித்தால் 90 லட்சம் கட்டங்கள் நிரம்பும். ஆனால் ஒரு கால்வாயின் கீழ் எல்லா ஏக்கருக்கும் வீதம் ஒன்றுதான். கால்வாய் அளவிலேயே பங்கிட்டு வீதத்தை மட்டும் வைத்தால் 11 பெருக்கல் 105, வெறும் 1,155 கட்டங்கள். தனி ஏக்கரின் எண் வேண்டுமென்றால் கேட்கும்போது பெருக்கிக் கொடுத்தால் போயிற்று. பங்கீட்டை எது மாறுகிறதோ அந்த அளவில் மட்டும் செய்ய வேண்டும், அதற்குக் கீழே இறக்கக் கூடாது. மெதுவாக ஓடும் பட்ஜெட் மாதிரிகளை நான் பார்த்தவரையில் பெரும்பாலானவற்றின் நோய் இது ஒன்றே: தேவைக்கும் மேலான நுணுக்கத்தில் பிரித்துக் கொட்டி, பிறகு அதையே திரும்பக் கூட்டுவது.

இன்னொரு வீண்செலவு வெறும் கட்டங்கள். கால்வாய், குளம், பயிர், நாள், பருவம் என்று ஐந்து பரிமாணங்களைப் பெருக்கினால் கோடிக்கணக்கில் கட்டங்கள் வரும். ஆனால் காரில் பிசானப் பயிர் இல்லை, மூடிய கால்வாயில் ஓட்டமில்லை, நெல்லைக் கால்வாயில் நயினார்குளம் உண்டே தவிர மருதூரின் குளங்கள் இல்லை. பெரும்பாலானவை காலி. 1979-இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வரிசையும் நிரலுமாக இரண்டே பரிமாணத்தில் கணக்குப் போட வைத்தது. 1980-களில் டிஎம்1, 1992-இல் எஸ்பேஸ் என்று பல பரிமாணங்களில் தரவை அடுக்கும் மென்பொருள்கள் வந்தபோது அவற்றின் பொறியாளர்கள் பெரும் முயற்சி எடுத்தது இந்த ஒன்றுக்குத்தான்: இருக்கும் கட்டங்களை மட்டும் சேமித்து, இல்லாதவற்றை இல்லாமலே விடுவது. இன்றும் மாதிரி கட்டுபவர் “எல்லாக் கட்டத்துக்கும் பூஜ்யம் போடு” என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த முயற்சி முழுக்கப் பாழ். பூஜ்யம் எழுதியதும் அது காலியிடம் அல்ல, தரவு.

நாள் கணக்கில் ஒரு சங்கிலியும் உண்டு. இன்றைய இருப்பு என்பது நேற்றைய இருப்போடு வரத்தைக் கூட்டித் திறப்பையும் ஆவியாதலையும் கழித்தது. ஆகவே நவம்பர் 12-இன் வரத்தைத் திருத்தினால் 12 முதல் முன்னோக்கி மட்டுமே மறுகணக்கு வேண்டும், ஜூனிலிருந்து அல்ல. எது எதைச் சார்ந்தது என்று தெரிந்துவைத்திருக்கும் மென்பொருள் பாதிக்கப்பட்ட கட்டங்களை மட்டும் தொடும். கால்வாய்களோ ஒன்றையொன்று சாராதவை. பதினொன்றையும் ஒரே நேரத்தில் கணிக்கலாம். நாள்களை அப்படிச் செய்ய முடியாது.

இதுவரை ஏக்கரே அளவுகோல் என்று எடுத்துக்கொண்டோம். அது நியாயமா? வழியில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது, ஆவியாகிறது. ஒரு கணக்குக்கு, 10,000 ஏக்கர் வீதம் இரண்டு கால்வாய்கள். ஒன்றில் இழப்பு 10 சதவீதம், மற்றதில் 30 என்று வைத்துக்கொள்வோம். தலைமதகில் சமமாகத் திறந்தால் வயலில் சமமாக இருக்காது. வயலில் சமமாக வேண்டுமென்றால் ஏக்கரை 0.9-ஆலும் 0.7-ஆலும் வகுத்து 11,111-க்கு 14,286 என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். ஆனால் அப்படிப் பிரித்தால் கால்வாயைச் செப்பனிடாதவருக்குக் கூடுதல் தண்ணீர் என்றாகிவிடாதா என்று எதிர்வாதம் வரும். அதுவும் சரியான வாதமே. சென்ற ஆண்டு வாங்கிய அளவுப்படி பிரிக்கலாம் என்றால், சென்ற ஆண்டு தண்ணீரே எட்டாத கடைமடைக்கு இந்த ஆண்டும் பூஜ்யம்தான். பட்ஜெட் மென்பொருள்களில் “முந்தைய ஆண்டு விகிதம்” என்பது ஒரு சொடுக்கில் கிடைக்கும் வசதி, அதனாலேயே அதிகம் பயன்படுகிறது. நேற்றைய பற்றாக்குறையை அது நாளைய விதியாக்கிவிடும். அளவுகோல் எது என்பதை ஃபார்முலாவுக்குள் புதைக்காமல் எல்லோர் கண்ணிலும் படும் தனி அட்டவணையாக வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். விவசாயிகள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து “எங்களுக்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு வரிசை இருக்க வேண்டும்.

முன்கணிப்புப் பக்கம் ஒரு எச்சரிக்கை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த டிசம்பரை மற்ற ஆண்டுகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? புரிவதற்காக, ஐந்து ஆண்டு வரத்து 2, 3, 3, 4, 30 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 8.4. எந்த ஆண்டும் அந்த அளவு வந்ததே இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 3. பாசனத் திட்டத்துக்கு நடு மதிப்பும், பத்தில் எட்டு ஆண்டுகளில் உறுதியாகக் கிடைக்கும் குறைந்த அளவும் வேண்டும். வெள்ளத் திட்டத்துக்கு அந்த 30 வேண்டும். ஒரே எண்ணைக் கொண்டு இரண்டையும் செய்யப் பார்ப்பது நாற்று விடுபவரையும் ஏமாற்றும், கரையோரத்தில் குடியிருப்பவரையும் ஏமாற்றும்.

கடைசியில் பற்றாக்குறைதான் எல்லாக் கணக்கையும் சோதிக்கிறது. நெல்லுக்கு ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று கொண்டால், 86,107 ஏக்கருக்கு 14.8 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கனஅடி) வேண்டும். பாபநாசம் 5,500, மணிமுத்தாறு 5,511, சேர்வலாறு 1,225 மில்லியன் கனஅடி. மூன்றும் நிரம்பி வழிந்தாலும் 12.2 டி.எம்.சி.தான். அதற்குள் குடிநீர் இருக்கிறது; மணிமுத்தாறு பிரதானக் கால்வாயின் 22,852 ஏக்கரும் இருக்கிறது. ஆகவே பருவ நடுவில் மழை பொய்த்தால் குறைத்துத்தான் ஆக வேண்டும். குடிநீரை முதலில் எடுத்துவைத்து, பிறகு நிற்கும் பயிர், பிறகு மற்றவை என்று படிப்படியாகக் கழிக்கும் பங்கீட்டைப் பல மென்பொருள்கள் செய்யும். சிக்கல் அதற்குப் பின் மிஞ்சுவதில். எல்லோருக்கும் பாதி என்று விகிதத்தில் வெட்டினால் கதிர் பிடிக்கும் நேரத்தில் எல்லா வயலும் காயலாம். பாதிப் பரப்புக்கு முழுத் தண்ணீர் என்றால் பாதி விளைச்சலாவது வீடு வரும். மணிமுத்தாறு பிரதானக் கால்வாயின் நான்கு ரீச்களில் (கால்வாய்ப் பகுதிகளில்) ஓர் ஆண்டு முதல் இரண்டுக்கு முன்னுரிமை, மறு ஆண்டு மூன்று, நான்குக்கு என்று முறைவைப்பது இந்தக் காரணத்தால்தான். மென்பொருளில் இதை எழுத விகித ஃபார்முலா உதவாது. ஒவ்வொரு ரீச்சுக்கும் சென்ற முறை தண்ணீர் போனதா என்று முந்தைய ஆண்டு வரிசையைப் படிக்கும் ஒரு நிபந்தனை வேண்டும். மழை நன்றாகப் பெய்து நான்குக்குமே திறந்த ஆண்டு வந்தால், அடுத்த முறை யாருக்கு என்பதையும் அந்த நிபந்தனை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதை எழுதும்போது பக்கத்தில் பொறியாளரோடு நான்கு ரீச் விவசாயிகளின் ஆட்களும் உட்கார்ந்திருக்க வேண்டும்.